சான்று கேட்கத் துணிந்தவர்கள்

கண்டி நகரிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்படும் ஏ9 நெடுஞ்சாலை கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, அக்குறணை, மாத்தளை, வவுனியா, கிளிநொச்சி ஊடாக யாழ்ப்பாணத்தைச் சென்றடைகின்றது. அதே கட்டுகஸ்தோட்டையில் பிரியும் ஏ10 வீதி குருணாகல் ஊடாகப் புத்தளத்துக்குச் செல்கின்றது. 2018 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இச்சந்தியைச் சூழ வாழ்ந்த மக்கள் அனுபவித்த அச்சத்தை எவரும் இலகுவில் மறந்துவிட முடியாது. தெல்தெனிய, திகன பகுதிகளில் தொடங்கிய முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை அவசரகாலச் சட்டமும் ஊரடங்கும் பிறப்பிக்கப்பட்ட பின்னரும் அடங்காது, கட்டுகஸ்தோட்டைக்கும் அக்குறணைக்கும் பரவியது. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. சில கிலோமீற்றர் தொலைவில் என்ன நடக்கின்றது என்பதை அறிய வழியின்றி, கதவுகளைத் தாழிட்டுக்கொண்டு மக்கள் இரவுகளைக் கழித்தனர்.

அந்நாட்களில் உறுதிப்படுத்தப்பட்ட செய்தி கிடைக்கவில்லை. வதந்தி மட்டும் தாராளமாகக் கிடைத்தது. சமூக ஊடகங்களை அரசாங்கம் முடக்கியபோது, வதந்தி அதற்கு முன்னரே தன் வேலையை முடித்திருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில், தனது தளம் அவ்வன்முறைக்குப் பயன்படுத்தப்பட்டமைக்காக பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கோரியது. எரிந்த கடைக்கும் இழந்த உயிருக்கும் அம்மன்னிப்பு ஈடாகாது. ஆயினும் அது ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது: சான்று இல்லாத ஒரு குற்றச்சாட்டு, தட்டிக் கேட்பார் இல்லாதவிடத்து, தீப்பந்தத்தைவிட வேகமாகப் பயணிக்கின்றது.

இதனை இங்கு நாம் நினைவுகூர்வதற்குக் காரணம் ஒரு திரைப்படம். 2005 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் குளூனி இயக்கி வெளியிட்ட ‘குட் நைட், அன்ட் குட் லக்’ என்ற அப்படம் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. சண்டைக் காட்சிகளோ காதல் காட்சிகளோ அதில் பெரிதாக இல்லை. புகை மண்டிய ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் சிலர் அமர்ந்து, ஒரு செய்தியை ஒளிபரப்புவதா விடுவதா என்று விவாதிப்பதே பெரும்பாலும் அதன் கதை. ஆறு ஒஸ்கார் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டு, ஒன்றையேனும் வெல்லவில்லை. எனினும் இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அது பேசப்படுகின்றது. 2025 ஆம் ஆண்டில் அதே கதை நியூயோர்க்கின் பிரோட்வே மேடையில் நாடகமாக அரங்கேறியது. திரைப்படத்தில் தயாரிப்பாளராக நடித்த குளூனி, மேடையில் கதாநாயகனான ஊடகவியலாளர் எட்வர்ட் மரோவின் பாத்திரத்தை ஏற்றார். அவ்வாண்டு ஜூன் 7 ஆம் திகதி சீ.என்.என். தொலைக்காட்சி அந்நாடகத்தை நேரடியாக ஒளிபரப்பியது. அமெரிக்காவின் பழங்கதை ஒன்று இன்றைய அமெரிக்கருக்கு ஏன் தேவைப்படுகின்றது என்ற கேள்வியும், அது எமக்கு எதைச் சொல்கின்றது என்ற கேள்வியும் சிந்திக்கத்தக்கவை.

அக்கதையின் வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாகக் கூறுவது அவசியம். 1950 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஜோசப் மெக்கார்த்தி என்ற அமெரிக்க செனட்டர், அரசாங்கத் திணைக்களங்களில் ஊடுருவியுள்ள கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன்னிடம் இருப்பதாக அறிவித்தார். அப்பட்டியலிலுள்ள எண்ணிக்கையை அவரே அடிக்கடி மாற்றிக் கூறினார். ஆனால் பட்டியலைக் காட்டும்படி வற்புறுத்தத் துணிந்தோர் சிலரே. குளிர்யுத்தக் காலத்து அச்சம் அவருக்குக் கேடயமாயிற்று. அவரைக் கேள்வி கேட்பவர் எவராயினும் மறுநாள் அவரும் சந்தேகத்துக்குரியவராக்கப்பட்டார். ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், திரைக்கலைஞர்கள், அரச ஊழியர்கள் எனப் பலர் தொழிலை இழந்தனர். குற்றம் நிரூபிக்கப்பட வேண்டிய தேவை இருக்கவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டாலே போதுமானதாக இருந்தது.

சீ.பீ.எஸ். தொலைக்காட்சியில் எட்வர்ட் மரோவும் அவரது தயாரிப்பாளர் பிரெட் பிரெண்ட்லியும் ‘சீ இட் நவ்’ என்ற வாராந்த நிகழ்ச்சியை நடத்தி வந்தனர். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் விமானங்கள் இலண்டன் மீது குண்டு பொழிந்தபோது அங்கிருந்து வானொலியில் செய்தி கூறிப் புகழ்பெற்றவர் மரோ. அவர்கள் நேரடியாக மெக்கார்த்தியுடன் மோதத் தொடங்கவில்லை. 1953 ஆம் ஆண்டு ஒக்டோபர் 20 ஆம் திகதி, மைலோ ரடுலோவிச் என்ற விமானப்படைச் சேமப்படை அதிகாரி ஒருவரின் கதையை முதலில் ஒளிபரப்பினர். அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை. அவரது தந்தையும் சகோதரியும் சந்தேகத்துக்குரிய கருத்துடையோர் எனக் கூறி, அவரைப் படையிலிருந்து விலக்க முடிவுசெய்யப்பட்டிருந்தது. அவருக்கு எதிரான சான்று மூடிய உறையினுள் இருந்தது. அதனைப் பார்க்க அவருக்கோ அவரது சட்டத்தரணிக்கோ அனுமதி வழங்கப்படவில்லை. நிகழ்ச்சி ஒளிபரப்பாகி ஒரு மாதம் கடந்த நிலையில் விமானப்படை தன் முடிவை மாற்றிக்கொண்டது.

அதன் பின்னரே, 1954 ஆம் ஆண்டு மார்ச் 9 ஆம் திகதி, மெக்கார்த்தியைப் பற்றிய நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அதில் அவரை வசைபாடவில்லை. அவருடைய சொந்த உரைகளையும் விசாரணைக் காட்சிகளையும் காட்டி, அவற்றிலுள்ள முரண்பாடுகளை ஒவ்வொன்றாக மரோ எடுத்துரைத்தார். திரைப்படத்திலும் மெக்கார்த்தியாக எந்த நடிகரும் நடிக்கவில்லை. பழைய ஆவணப் படச்சுருள்களில் உள்ள மெக்கார்த்தியே தோன்றுகின்றார். அந்நிகழ்ச்சிக்கான பத்திரிகை விளம்பரத்துக்குப் பணம் செலவிட நிறுவனம் முன்வராமையால், மரோவும் பிரெண்ட்லியும் தமது சொந்தப் பணத்தைக் கொடுத்து நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் விளம்பரம் செய்தனர் என்பது வரலாறு. அதே ஆண்டு டிசம்பர் 2 ஆம் திகதி செனட் சபை 67 வாக்குகளுக்கு 22 என்ற கணக்கில் மெக்கார்த்தியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியால் மட்டும் மெக்கார்த்தி வீழ்ந்தார் எனக் கூறுவது மிகை. இராணுவத்துடன் அவர் மோதியதும், அவ்விசாரணைகள் தொலைக்காட்சியில் வாரக்கணக்கில் காட்டப்பட்டதும், அவரது சொந்தக் கட்சியினரே அவரைக் கைவிட்டதும் அவ்வீழ்ச்சிக்குக் காரணங்களாயின. மரோவின் பங்கு வேறு வகையானது. எல்லோரும் மனதினுள் கேட்டுக்கொண்டிருந்த ‘சான்று எங்கே?’ என்ற கேள்வியை அவர் பகிரங்கமாகக் கேட்டார். கேட்டவர் ஒருவர் உயிருடனும் தொழிலுடனும் இருக்கக் கண்ட பின்னர், மற்றையோருக்கும் கேட்கும் துணிவு பிறந்தது.

அதற்கு விலையும் கொடுக்கப்பட்டது. நிகழ்ச்சியின் விளம்பரதாரர் அடுத்த ஆண்டே விலகிக்கொண்டார். வாராந்தம் ஒளிபரப்பான நிகழ்ச்சி இடையிடையே ஒளிபரப்பாகும் நிலைக்குத் தள்ளப்பட்டு, 1958 இல் நிறுத்தப்பட்டது. பத்திரிகைகளில் இடைவிடாது தாக்கப்பட்ட டொன் ஹொலன்பெக் என்ற சக ஊடகவியலாளர் 1954 ஜூன் மாதத்தில் தற்கொலை செய்துகொண்டார். அச்சுறுத்தல் எப்போதும் துப்பாக்கியுடன் வருவதில்லை என்பதை இத்திரைப்படம் நன்கு உணர்த்துகின்றது. விளம்பரம் குறையும், நேரம் மாற்றப்படும், நிறுவனத் தலைவர் அழைத்து நயமாகப் பேசுவார். 2025 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மரோ பணியாற்றிய அதே சீ.பீ.எஸ். நிறுவனத்தின் உரிமையாளரான பரமவுண்ட், ஜனாதிபதி ட்ரம்ப் தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள 16 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது. எழுபது ஆண்டுகள் கழிந்தும் அமெரிக்கருக்கு அக்கதை தேவைப்படுவதன் காரணம் இதிலிருந்தே விளங்கும்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். இங்கு அச்சுறுத்தல் விளம்பரதாரரின் கடிதத்துடன் நின்றுவிடவில்லை. 2025 ஆம் ஆண்டு ஜனவரி 30 ஆம் திகதி அசோக ஹந்தகமவின் ‘ராணி’ என்ற சிங்களத் திரைப்படம் வெளியானது. 1990 ஆம் ஆண்டு பெப்ரவரி 18 ஆம் திகதி அதிகாலை வீட்டிலிருந்து கடத்திச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்ட ஊடகவியலாளர் ரிச்சர்ட் டி சொய்சாவின் தாயாரான வைத்தியர் மனோராணி சரவணமுத்துவின் கதை அது. சுவர்ணா மல்லவாராச்சி அப்பாத்திரத்தை ஏற்றிருந்தார். தன் மகனைக் கொண்டு சென்றவர்களில் ஒருவரைப் பின்னர் தொலைக்காட்சியில் கண்டு, அவர் பொலிஸ் அதிகாரி என்று பகிரங்கமாகக் கூறியவர் அத்தாய். கொலை மிரட்டல்களுக்கு மத்தியிலும், தெற்கில் காணாமலாக்கப்பட்ட ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்களின் அன்னையரோடு இணைந்து அன்னையர் முன்னணியில் நின்றார். தமிழ்ப் பெண்ணொருவர் சிங்களத் தாய்மாரின் துயரத்துக்குக் குரலானார் என்பது எமது இனப்பிரச்சினை பற்றிய எழுத்துக்களில் அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயம். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட பொலிஸார் 2005 ஆம் ஆண்டில் விடுதலை செய்யப்பட்டனர்.

ரிச்சர்டின் பெயருக்குப் பின்னர் அந்தப் பட்டியல் நீண்டது. 2000 ஆம் ஆண்டு ஒக்டோபர் 19 ஆம் திகதி இரவு, ஊரடங்கு அமுலில் இருந்த யாழ்ப்பாணத்தில், மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டில் எழுதிக்கொண்டிருந்த வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பீ.பீ.சி. தமிழோசைக்கும் வீரகேசரிக்கும் சிங்கள வார இதழான ராவயவுக்கும் செய்தி அனுப்பியவர் அவர். அவ்வாண்டுப் பொதுத் தேர்தலில் இடம்பெற்ற முறைகேடுகளைப் பற்றியும் அவர் எழுதியிருந்தார். 2005 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 ஆம் திகதி கொழும்பு பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்ட தராக்கி சிவராமின் சடலம் மறுநாள் பாராளுமன்றத்துக்கு அண்மையில் கிடந்தது. 2006 ஆம் ஆண்டு மே 2 ஆம் திகதி, உலக பத்திரிகைச் சுதந்திர தினத்தையொட்டி யுனெஸ்கோவின் சர்வதேச மாநாடு கொழும்பில் நடைபெற்ற வேளையில், யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகை அலுவலகத்தினுள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். உதயன் மறுநாளும் வெளிவந்தது. 2013 ஏப்ரலில் அதன் அச்சு இயந்திரத்துக்குத் தீ மூட்டப்பட்ட பின்னரும் அது வெளிவந்தது.

தென்னிலங்கையிலும் இதே கதைதான். 2009 ஆம் ஆண்டு ஜனவரி 8 ஆம் திகதி சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க அத்திட்டியவில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். தன் மரணத்தை எதிர்பார்த்து அவர் எழுதியதாக வெளியிடப்பட்ட ஆசிரிய தலையங்கம் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டு ஜனவரி 24 ஆம் திகதி காணாமற்போன பிரகீத் எக்னெலிகொட இன்றுவரை திரும்பவில்லை. அவரது மனைவி சந்தியா நீதிமன்றப் படிகளில் பல ஆண்டுகளைக் கழித்துவிட்டார். ஜே.எஸ். திசைநாயகம் எழுதிய கட்டுரைகளுக்காக 2009 ஆகஸ்ட்டில் 20 ஆண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மறு ஆண்டு பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. தமிழர், சிங்களவர் என்ற பேதமின்றி, கேள்வி கேட்டவரெல்லாம் இலக்காயினர்.

இக்கொலைகள் எதிலும் முழுமையான நீதி கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் லசந்த கொலையுடன் தொடர்புடைய சந்தேகநபர்கள் மூவர் தொடர்பில் மேலதிக நடவடிக்கை வேண்டியதில்லை எனச் சட்டமா அதிபர் வழங்கிய ஆலோசனை, பொதுமக்களின் கடும் எதிர்ப்பின் பின்னர் அடுத்த மாதம் விலக்கிக்கொள்ளப்பட்டது. நிமலராஜன் கொலை தொடர்பில் 2022 பெப்ரவரியில் ஒருவரைக் கைது செய்து விசாரித்தது பிரித்தானியப் பொலிஸாரே அன்றி எமது பொலிஸார் அல்லர். தண்டனை இல்லாத குற்றம் அடுத்த குற்றத்துக்கான அனுமதிப் பத்திரமாக அமைகின்றது. 2025 ஆகஸ்ட்டில், செம்மணி மனிதப் புதைகுழி அகழ்வுகளைப் புகைப்படங்களாக ஆவணப்படுத்திய முல்லைத்தீவு ஊடகவியலாளர் கணபதிப்பிள்ளை குமணன் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவினால் விசாரணைக்கு அழைக்கப்பட்டபோது, வடக்கு ஊடகவியலாளர் பலருக்குப் பழைய நினைவுகள் மீண்டமைக்கு இதுவே காரணம்.

ஆனால் ஊடகங்களை எப்போதும் பாதிக்கப்பட்டோரின் பக்கத்தில் வைத்துப் பேசுவது உண்மைக்குப் புறம்பானது. மெக்கார்த்தியை வளர்த்ததும் பத்திரிகைகளே. அவர் கூறியதை மறுநாள் தலைப்புச் செய்தியாக அச்சிட்டு, அதற்கான சான்றைக் கேளாது விட்டவை அவை. கட்டுகஸ்தோட்டையில் பிரியும் ஏ10 வீதியில் சென்றால் வரும் குருணாகல் இதற்கு எமது நாட்டின் சாட்சியாக உள்ளது.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையிலுள்ள முஸ்லிம் உணவகம் ஒன்றில் உணவுடன் மலட்டுத்தன்மை ஏற்படுத்தும் மாத்திரை கலக்கப்பட்டதாக வதந்தி பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அங்கு கண்டெடுக்கப்பட்டது வெறும் மாவுப்பொருளே என அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை அளித்தார். அந்த அறிக்கை வெளிவருவதற்குள் கண்டி மாவட்டமும் எரியத் தொடங்கியிருந்தது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் அதே வதந்தி வேறு உடையணிந்து வந்தது. அவ்வாண்டு மே 23 ஆம் திகதி, முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்ததாகச் சிங்கள நாளிதழ் ஒன்று முதற்பக்கத்தில் செய்தி வெளியிட்டது. மறுநாள் குருணாகல் போதனா வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் கைது செய்யப்பட்டார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்ய வரிசையில் நின்றனர். ஒரு மாதம் கழித்து, அக்குற்றச்சாட்டுக்குச் சான்று எதுவும் இல்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. பல ஆண்டுகளின் பின்னர் அவருக்குரிய நிலுவைச் சம்பளம் வழங்கப்பட்டபோது, நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்த 2022 இல், அப்பணத்தை மருந்துக் கொள்வனவுக்கென அவர் அரசாங்கத்துக்கே கையளித்தார்.

வைத்தியர் ஷாபியையும் ரடுலோவிச்சையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு தெரியும். ரடுலோவிச்சுக்கு ஒரு மரோ இருந்தார். நாடு முழுவதும் பார்க்கும் தொலைக்காட்சியில், பெரும்பான்மைச் சமூகத்தின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர், அவருக்காகச் சான்றைக் கேட்டார். 2019 மே மாதத்தில் எமது நாட்டின் பெரும்பாலான தொலைக்காட்சிகள் அக்கேள்வியைக் கேட்கவில்லை. கேட்ட ஒரு சிலரின் குரல் பரபரப்பில் அமிழ்ந்துபோனது. 2020 இல் கொரோனாவால் இறந்தோரின் உடல்களைத் தகனம் செய்ய வேண்டும் என அரசாங்கம் கட்டாயப்படுத்தியபோதும் அதுவே நடந்தது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், ‘நிலத்தடி நீர் மாசடையும் என்பதற்குச் சான்று எங்கே?’ என்று தொடர்ந்து கேட்ட ஊடகங்கள் மிகச் சில. 2021 பெப்ரவரியில் அடக்கத்துக்கு அனுமதி கிடைக்கும் வரை பெற்றோரும் பிள்ளைகளும் அனுபவித்த வேதனைக்கு 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. மன்னிப்புகள் வருகின்றன. அவை எப்போதும் காலந்தாழ்த்தியே வருகின்றன.

அவ்வீதியின் முடிவிலுள்ள புத்தளம் மேலும் இரு பாடங்களைக் கூறுகின்றது. ‘நவரசம்’ என்ற கவிதை நூலை எழுதிய அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர், தீவிரவாதத்தைப் பரப்பியதாகக் கூறி 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அந்நூலில் தீவிரவாதத்தை எதிர்க்கும் கவிதைகள் உள்ளன என்பதைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் கூறியிருப்பர். ஆயினும் அவர் 19 மாதங்கள் தடுப்பில் கழித்தார். 2023 டிசம்பரிலேயே புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1979 இல் தற்காலிகமெனக் கொண்டுவரப்பட்ட அச்சட்டம் முதலில் தமிழ் இளைஞர்களையும் பின்னர் முஸ்லிம் இளைஞர்களையும் சான்றின்றி அடைத்து வைக்க உதவியது என்பதை இரு சமூகத்தவரும் ஒன்றாக உணர்ந்துகொள்ள வேண்டும்.

மற்றைய பாடம் எம்மவருக்குக் கசப்பானது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் தஞ்சமடைந்தது புத்தளத்தில்தான். காட்டிக்கொடுப்போர் என்ற குற்றச்சாட்டு ஒரு முழுச் சமூகத்தின் மீதும் சுமத்தப்பட்டது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேர அவகாசமே கொடுக்கப்பட்டது. அன்று தமிழ்ச் சூழலில் ‘சான்று எங்கே?’ எனக் கேட்டு எழுந்த குரல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. துப்பாக்கியின் நிழலில் எழுதிய ஊடகவியலாளர்களைத் தனிப்பட்ட முறையில் குறைகூறுவது எமது நோக்கமன்று; அவ்வச்சம் உண்மையானது. ஆனால் அந்த மௌனத்தின் விலையைச் செலுத்தியோர் எமது அயலவர் என்பதை மறைத்துவிட்டு, இன்று எமக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை மட்டும் பேசினால் எமது பேச்சுக்கு வலிமை இராது. 1981 இல் யாழ். பொது நூலகத்துடன் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் நாம், 1990 ஐயும் அதே நினைவில் வைத்திருக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அச்சுறுத்தும் அதிகாரம் அரசாங்கத்துடையதாயினும், இயக்கத்துடையதாயினும், வீதியில் திரண்ட கும்பலுடையதாயினும் அதன் முறை ஒன்றே. முதலில் சான்றில்லாத குற்றச்சாட்டு வரும். அடுத்து, அதனைக் கேள்விக்குட்படுத்துவோர் துரோகிகளாக்கப்படுவர். இறுதியில், மற்றையோர் தமது பாதுகாப்புக்காக மௌனமாவர். முதற்கட்டத்திலேயே இடைமறிக்கக்கூடியவர் ஊடகவியலாளர். அதனாலேயே அவர் முதலில் குறிவைக்கப்படுகின்றார். அவர் வீழ்த்தப்படும்போது ஒரு தொழில் புரிவோருக்கு மாத்திரம் நட்டம் ஏற்படுவதில்லை. நாளை எம்மில் ஒருவர் மீது பொய்க் குற்றச்சாட்டு எழும்போது சான்று கேட்க எவரும் இல்லாது போகின்றது. சிறுபான்மைச் சமூகங்களுக்கு ஊடகச் சுதந்திரம் உயிர்ப் பாதுகாப்புடன் தொடர்புடைய விடயமாவது இதனால்தான்.

எனவே வாசகரின் பொறுப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். மரோவின் நிகழ்ச்சிக்குப் பின்னர் ஆயிரக்கணக்கான தொலைபேசி அழைப்புகளும் தந்திகளும் வந்து குவிந்தன. அவற்றுள் பெரும்பான்மை அவருக்கு ஆதரவானவை. அந்த ஆதரவு இல்லாதிருந்தால் நிறுவனம் அவரை அன்றே கைவிட்டிருக்கக்கூடும். எமது ஊடகவியலாளர் ஒருவர் விசாரணைக்கு அழைக்கப்படும் நாளில், அவரது செய்தியால் பயனடைந்த வாசகர் எங்கே நிற்கின்றார்? கொலை நடந்த பின்னர் அஞ்சலிக் கூட்டத்துக்கு வருவது எளிது. உயிருடன் இருக்கும்போது துணை நிற்பதே அவருக்குப் பயன்தரும்.

சட்டமியற்றுவோரிடம் நாம் எதிர்பார்ப்பவையும் உள. 2024 ஆம் ஆண்டு ஜனவரியில் நிறைவேற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம், வதந்தியைத் தடுப்பதாகக் கூறிக்கொண்டே, எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதியின் நியமனத்தில் அமையும் ஆணைக்குழுவொன்றின் கையில் கொடுத்தது. திகனயில் வெறுப்பைத் தூண்டியோரைத் தண்டிக்கப் போதிய சட்டங்கள் அன்றே இருந்தன. அவற்றைப் பாரபட்சமின்றிப் பயன்படுத்தும் மனமே குறைவாயிருந்தது. வதந்திக்கு மருந்து, விரைவாகவும் மும்மொழியிலும் கிடைக்கும் உண்மைத் தகவல். அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை அன்றே வெளிவந்திருந்தால், அக்குறணையில் சில கடைகளாவது தப்பியிருக்கும். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு குடிமகனுக்கும் சான்று கேட்கும் உரிமையை வழங்கியுள்ளது. அதனை ஊடகவியலாளர் மட்டுமன்றி, பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் கிராமிய அமைப்புகளும் பயன்படுத்தப் பழக வேண்டும்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து இன்றும் யாழ்ப்பாணம் செல்லும் பஸ் வண்டிகளில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே அமர்ந்து செல்கின்றனர். அவர்களது கைகளிலுள்ள தொலைபேசிகளில் ஒவ்வொரு நிமிடமும் ஏதோவொரு குற்றச்சாட்டு வந்து சேர்கின்றது. அது சில வேளை அருகில் அமர்ந்திருப்பவரின் சமூகத்தைப் பற்றியதாகவும் இருக்கும். அதனை அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன்னர், இதற்குச் சான்று எங்கே என்று ஒரு கணம் கேட்பாராயின், நிமலராஜனும் லசந்தவும் உயிரைக் கொடுத்துச் செய்த பணியின் ஒரு சிறு பங்கை அவரும் செய்தவராவார். அதற்குத் துப்பாக்கியை எதிர்கொள்ளும் வீரம் தேவையில்லை. சிறிது பொறுமையும் அயலவர் மீது சிறிது நியாய உணர்வும் இருந்தால் போதும். 2018 மார்ச்சில் இவ்வூரில் குறைவாயிருந்தவை அவையே.